அடிமைகளின் பெயர்களைத் தேடி... தென்காசி முதல் கேப்டவுன் வரை

தென்காசி காசிவிசுவநாதர் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தக் காற்று ஞாபகம் இருக்கும். கோபுர வாசலைத் தாண்டும்போது எதிரே வந்து முகத்தில் மோதும். பொதிகை மலையிலிருந்து வருகிற காற்று. குற்றால சீசன் நேரமென்றால் கேட்கவே வேண்டாம், அதோடு சாரலும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கியது 1446ஆம் ஆண்டு. கட்டியவர் பராக்கிரம பாண்டியர். ராஜகோபுர வேலை 1457ல் தொடங்கியது. பிற்காலத்தில் இந்தக் கோயில் பழுதுபட்டால் அதைச் சரிசெய்து காப்பாற்றுபவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்ற கருத்தில் அரசரே பாட்டு எழுதிக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அவர் பயந்தது போலவே கோபுரம் சிதைந்தது. பிறகு 1990ல் புதிதாக எழும்பி நின்றது. 550 வருடம் கழித்தும் அந்த அரசரின் பெயரும் ஆசையும் எல்லோருக்கும் தெரிகிறது.

சரி... அந்தக் கல்லைச் சுமந்தவர்களின் பெயர்? கோயில் நிலத்தில் சேறு மிதித்து நாற்று நட்டவர்களின் பெயர்? சிற்றாற்றுப் பாசனத்தில் விளைந்த நெல்லுக்குக் கணக்கு இருக்கிறது, அளந்த மரக்காலுக்குக்கூடக் கணக்கு இருக்கிறது. விளைவித்த ஆளுக்குக் கணக்கு உண்டா?

உண்டு. ஆனால் அது நாம் தேடுகிற இடத்தில் இருக்காது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அடிமைமுறை நம்ம ஊரிலா?

அடிமை என்றதும் நம் மனதில் வருவது ஆப்பிரிக்காவும் அமெரிக்காவும் சங்கிலி போட்ட கப்பலும்தான். "நம்ம ஊரில் அதெல்லாம் கிடையாது" என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் நிறைய. ஆனால் சைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சுந்தரர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, "இவன் எனக்கு அடிமை, இவனுடைய பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்று வழக்குப் போடுகிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் காட்டப்படுகிறது. கையெழுத்து ஒத்துப் பார்க்கப்படுகிறது. வந்தவர் சிவபெருமான் என்பது கதையின் முடிவு. அது பக்தி. ஆனால் கதை கேட்டவர்களுக்கு "ஆளோலை" என்றால் என்ன, அதற்கு மூலம் எது, படி எது, சாட்சி யார் என்பதெல்லாம் விளக்கத் தேவையில்லாமல் தெரிந்திருக்கிறது. நடைமுறையில் இல்லாத ஒன்றை வைத்து இப்படிக் கதை சொல்ல முடியாது.

கல்வெட்டுகள் இன்னும் நேரடியாகப் பேசுகின்றன. 1201ஆம் ஆண்டு, மூன்றாம் குலோத்துங்க சோழன் காலம். பஞ்சத்தில் பட்டினியால் சாகாமல் இருக்க வேளாளர் ஒருவர் தன்னையும் தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டார். கல்லில் வெட்டியிருக்கிறது. ஆக, அடிமைமுறை ஒரே ஒரு சாதியோடு நிற்கவில்லை. பஞ்சம் வந்தால் யாரும் விழலாம். ஆனால் விழுந்தவர்களில் சிலர் எழுந்தார்கள். சில சாதிகள் மட்டும் பிறப்பிலேயே அதற்குள் வைக்கப்பட்டன.

விற்கப்பட்டவர்களுக்கு முத்திரையும் உண்டு. சிவன் கோயில் என்றால் சூலம், பெருமாள் கோயில் என்றால் சங்கும் சக்கரமும். இந்தச் செய்திகளையெல்லாம் தமிழில் ஒரே புத்தகமாகத் தொகுத்தவர் தூத்துக்குடி பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன். அவருடைய "தமிழகத்தில் அடிமைமுறை" என்ற நூல் 2005ல் வந்தது.

400 பெயர்கள் ஒரு சுவரில்

பெயர்கள் கிடைக்கவே கிடைக்காதா என்றால், ஒரு ஆச்சரியமான உதாரணம் தஞ்சாவூரில் இருக்கிறது. பெரிய கோயில் சுவரில் ராஜராஜ சோழன் 1014 வாக்கில் வெட்டுவித்த கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் இருக்கின்றன. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்... எல்லாம் வரிசையாக. ஆளுக்கு ஒரு பங்கு, வருடத்துக்கு 100 கலம் நெல்.

இவர்களை அடிமைகள் என்று சொல்லிவிட முடியாது. வீடும் பங்கும் உள்ளவர்கள். ஆனால் பல ஊர்களிலிருந்து அரசன் ஆணைப்படி கொண்டுவரப்பட்டவர்கள். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. இந்த 400 பெயர்கள் ஏன் பதிவாகின? அவர்களைக் கௌரவிக்கவா? இல்லை. நெல் அளக்க வேண்டும், ஆள் இறந்தால் அந்தப் பங்கு யாருக்குப் போகும் என்று தெரிய வேண்டும். அதாவது பட்டுவாடாக் கணக்கு! இன்றைய சம்பளப் பட்டியல் மாதிரி.

இதுதான் முக்கியமான பாடம். ஏழைகளின் பெயரைப் பழைய காலம் பதிந்திருந்தால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு பணக் கணக்கு இருக்கும். பணம் எங்கே கைமாறியதோ அங்கே தேடினால் பெயர் கிடைக்கும். பணம் கைமாறாத இடத்தில் பெயரும் இருக்காது.

சொத்துப் பக்கத்தில் தேடுங்கள்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஐந்தொகை தெரியும். ஒரு பக்கம் பொறுப்புகள், மறுபக்கம் சொத்துகள். நிலம், கட்டடம், கால்நடை, சரக்கு எல்லாம் சொத்துப் பக்கத்தில் வரும். அடிமைகளைத் தேடுகிறவர்கள் பிறப்புப் பதிவிலோ வாக்காளர் பட்டியலிலோ தேடிப் பயனில்லை. எந்த நிலவுடைமையாளரிடம் இருந்தார்களோ அவருடைய சொத்துப் பக்கத்தில்தான் தேட வேண்டும். பாகப்பிரிவினை ஓலை, ஒற்றி ஓலை, விலை ஓலை, சீதனப் பட்டியல், கோயில் தானம்... இவற்றில் வயலுக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் ஆள் இருப்பார்.

தென்காசிக்குத் தெற்கே நாஞ்சில் நாட்டில், அழகியபாண்டியபுரத்தில், பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் நூற்றாண்டுக் கணக்கில் ஓலைகளைப் பாதுகாத்து வந்தார்கள். அதன் அருமையை முதலில் உணர்ந்து வெளியே கொண்டுவந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பிற்காலத்தில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றை விரிவாகப் பதிப்பித்தார். வரி, பாசனம், ஊர்ச் சண்டை என்று பல விஷயங்கள் உள்ள அந்த ஓலைகளில் அடிமை விற்ற ஆவணங்களும் இருக்கின்றன.

இந்தப் பகுதி ஓலைகளைப் படிக்க ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். திருவிதாங்கூரிலும் திருநெல்வேலிச் சீமையிலும் கொல்லம் ஆண்டில்தான் தேதி போடுவார்கள். அதோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 1030 என்று பார்த்துவிட்டு ராஜேந்திர சோழன் காலம் என்று நினைத்துவிடக் கூடாது. அது 1854-55!

ஒரே சாரல், இரண்டு சட்டம்

இப்போது தென்காசிக்கே திரும்பி வருவோம். தென்காசியிலிருந்து செங்கோட்டை ஏழெட்டுக் கிலோமீட்டர். குற்றாலம் அதைவிடப் பக்கம். மூன்று ஊருக்கும் ஒரே சாரல், ஒரே பேச்சு, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பழக்கம். ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கத்தைச் சேர்ந்தது. தென்காசியும் குற்றாலமும் 1801 முதல் ஆங்கிலக் கம்பெனியின் திருநெல்வேலி மாவட்டம். இன்று மூன்றுமே 2019ல் உருவான தென்காசி மாவட்டத்தில்.

இதனால் என்ன ஆனது? அடிமை ஒழிப்பு இரண்டு பக்கமும் வேறு வேறு நாளில் வந்தது.

கம்பெனிப் பக்கத்தில் 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம். மிகச் சின்ன சட்டம், நான்கே பிரிவுகள். வரிபாக்கிக்காக யாரையும் அடிமை என்று சொல்லி அரசு அதிகாரி விற்கக் கூடாது. அடிமை உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்காது. அடிமை என்பதால் ஒருவருடைய சொத்தைப் பறிக்கக் கூடாது. சுதந்திரமான மனிதனுக்குச் செய்தால் குற்றமாகும் செயல் அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. அவ்வளவுதான். "இன்று முதல் எல்லோரும் விடுதலை" என்ற வரி அதில் இல்லை. அடிமை வைத்திருப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1860ல் எழுதப்பட்டு 1862ல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில்தான்.

செங்கோட்டைப் பக்கத்தில் கதை வேறு. 1812ல் ராணி லட்சுமிபாய் காலத்தில் அடிமை விற்பனைக்குத் தடை வந்தது. ஆனால் நிலத்தோடு சேர்ந்த குறவர், புலையர், பள்ளர், மலையர், வேடர் ஆகியோருக்கு அந்தத் தடை பொருந்தாது என்று விலக்கும் வந்தது! யார் அடிமைகளோ அவர்களை விட்டுவிட்டு ஒரு தடை. 1836ல் திருவிதாங்கூர் எடுத்த மக்கள் கணக்கில் மொத்தம் 12,80,668 பேர், அதில் அடிமைகள் 1,64,864. ஏறக்குறைய எட்டில் ஒருவர். 1853ல் அரசாங்க அடிமைகளின் இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு விடுதலை. 1855 ஜூன் 24ல் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில் முழு விடுதலைப் பிரகடனம்.

யோசித்துப் பாருங்கள். 1843க்கும் 1855க்கும் இடையில் பன்னிரண்டு வருடம். தென்காசி வயலில் நிற்பவரை அடிமை என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. கூப்பிடு தூரத்தில் செங்கோட்டை வயலில் நிற்பவரைச் சட்டப்படியே வைத்திருக்கலாம்.

அந்த 1,64,864 என்ற எண்ணைப் பாருங்கள். ஒற்றைப்படை வரை துல்லியம். ஆளை எண்ணத் தெரிந்த அரசாங்கம் அது. எண் நிலைத்தது, பெயர் நிலைக்கவில்லை.

மொரிஷியஸில் இருக்கிறது, தென்காசியில் இல்லை. ஏன்?

இது நியாயமான கேள்வி. மொரிஷியஸ் தீவிலும் இந்திய அடிமைகள் இருந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவர்களும் அதில் உண்டு. அவர்களின் பெயர், வயது, பிறந்த நாடு, வேலை எல்லாம் எழுதிய பதிவேடுகள் இன்றும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதே ஆங்கிலேயர் ஆண்ட திருநெல்வேலியில் அப்படி ஒரு பதிவேடும் இல்லை.

காரணம் மறுபடியும் பணம்தான். 1807ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. திருட்டுத்தனமாகப் புது ஆள் இறக்கினால் கண்டுபிடிக்க 1810களில் காலனிகளில் அடிமைப் பதிவேடு கொண்டுவந்தார்கள். பிறகு 1833 சட்டத்தில் அடிமைமுறையை ஒழித்தபோது, முதலாளிகளுக்கு நஷ்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கினார்கள். கவனியுங்கள், நஷ்டஈடு அடிமைகளுக்கு இல்லை, முதலாளிகளுக்கு! எத்தனை அடிமை, யார் யார் என்று நிரூபித்தால்தானே பணம்? அதனால் பெயர்கள் ஒழுங்காக இருந்தன.

அதே 1833 சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலனா தீவுக்கும் இது பொருந்தாது என்று சொல்லிவிட்டது. பத்து வருடம் கழித்து வந்த இந்தியச் சட்டத்தில் நஷ்டஈடே கிடையாது. நஷ்டஈடு இல்லை, அதனால் பட்டியல் இல்லை. பட்டியல் இல்லை, அதனால் பெயர் இல்லை. 1841 வாக்கில் இந்தியாவில் 80 முதல் 90 லட்சம் அடிமைகள் இருந்ததாக சர் பார்ட்டில் பிரேர் மதிப்பிட்டார். இத்தனை லட்சம் பேரில் ஒருவருக்கும் "இவர் இன்று விடுதலை" என்று பெயர் எழுதிய ஒரு காகிதம் கிடையாது.

1819ல் சென்னை வருவாய் வாரியம் மாவட்டக் கலெக்டர்களிடம் அடிமைகளைப் பற்றி அறிக்கை கேட்டது. பதில்கள் வந்தன. சாதி, விலை, கூலி, நிலத்தோடு விற்பார்களா தனியாக விற்பார்களா என்று மாவட்டத்துக்கு மாவட்டம் வழக்கம் எழுதப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் இன்றும் அந்த அறிக்கைகளைப் புரட்டுகிறார்கள். அதில் வழக்கம் இருக்கிறது, ஆள் இல்லை. வெயில் காலத்தில் குற்றாலத்தில் பங்களாவில் தங்கிய துரைமார்களின் பெயர்கள் கிடைக்கின்றன. அந்த மலையில் கம்பெனி கிராம்பும் ஜாதிக்காயும் பயிரிட்டுப் பார்த்த கதை கிடைக்கிறது. அடிவார வயல்காரர்களின் பெயர் கிடைப்பதில்லை.

இன்னொரு வி.ஓ.சி.

தூத்துக்குடி என்றால் வ.உ.சி. நினைவு வரும். ஆனால் அவருக்கு இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் இன்னொரு வி.ஓ.சி. இருந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் டச்சுப் பெயர்ச் சுருக்கம் அது. 1658ல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் இவர்கள். முத்து, துணி, மிளகு வாங்கினார்கள். ஆட்களையும் வாங்கினார்கள்.

டச்சு ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் மார்க்கஸ் விங்க் தரும் கணக்குகள் திகைக்க வைக்கின்றன. 1659-61ல் தஞ்சைப் பகுதியில் படையெடுப்பும் பஞ்சமும். சோழமண்டலக் கரையிலிருந்து 8,000 முதல் 10,000 பேர் இலங்கை, பட்டாவியா, மலாக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1673ல் மதுரைச் சீமையில் மழை பொய்த்தது. அதோடு தஞ்சைக்காக மதுரை நாயக்கரும் மராத்தியரும் சண்டை. 1673 முதல் 1677 வரை மதுரைக் கரையிலிருந்து மட்டும் கம்பெனி ஏற்றுமதி செய்த அடிமைகள் 1,839 பேர். அப்போது தென்காசிப் பகுதியும் மதுரை நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்டதுதான்.

இவர்களின் பெயர்கள்? கப்பல் ஏறியதும் பெயர் மாறிவிடும். டச்சுக்காரர்கள் ஒரு முதல் பெயர் வைத்து, பின்னால் "வான்" என்று சேர்த்து இடத்தின் பெயரை ஒட்டுவார்கள். "வான்" என்றால் "இன்ன இடத்திலிருந்து". வான் பெங்காலன், வான் மலபார், வான் கோரமண்டல் என்று. முதல் பெயரில் டைட்டஸ், ஹானிபால், கியூபிடோ என்று பழங்காலப் பெயர்கள். இல்லையென்றால் மாதத்தின் பெயர். ஜனவரி, ஏப்ரல், செப்டம்பர்! இன்றும் தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர், பிப்ரவரி என்ற குடும்பப் பெயர்கள் உண்டு. அந்தப் பெயர்களின் கதை இதுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒட்டிய ஊர் பெரும்பாலும் பிறந்த ஊர் அல்ல, கப்பல் ஏற்றிய துறைமுகம். உள்நாட்டில் மலையடிவாரத்தில் பிறந்தவருக்கும் கடற்கரை ஊரின் பெயரே ஒட்டும். "மலபார்" என்று இருந்தால் கேரளம் என்று முடிவு கட்டவும் முடியாது. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழர்களையும் மலபார் என்றே அழைத்தார்கள்.

பழவேற்காட்டுக் காத்ரைன்

தடயத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷியின் வாழ்க்கை வரை போக முடியுமா? முடிந்திருக்கிறது.

சென்னைக்கு வடக்கே பழவேற்காடு. அங்கிருந்து டச்சுக்காரர்களின் பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமையாகப் போன ஒரு பெண். ஆவணத்தில் அவள் பெயர் "குரோட்டே காத்ரைன் வான் பாலியகட்டா". பழவேற்காட்டுப் பெரிய காத்ரைன். 1656ல் ஒரு கொலை வழக்கு. இறந்தவன் கிளாஸ் வான் மலபார், அவனும் அடிமை. அவளுக்கு மரண தண்டனை. பிறகு அது குறைக்கப்பட்டு ஆயுள் முழுக்க நாடு கடத்தல். 1657ல் ஆப்பிரிக்காவின் தென்முனையில், டச்சுக்காரர்கள் ஐந்து வருடம் முன்பு போட்ட குடியிருப்பில் கொண்டு இறக்கினார்கள். அதுதான் இன்றைய கேப்டவுன்.

1669ல் அவள் மகன் கிறிஸ்டோஃபலுக்கு ஞானஸ்நானம். 1671ல் வங்காளத்திலிருந்து வந்து விடுதலையாகியிருந்த அந்தோனியோடு அவளுக்குக் கல்யாணம். 1690ல் மகன், பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குப் பயந்து ஓடிவந்த ஒரு குடும்பத்துப் பெண்ணைக் கட்டினான். அந்த வழியில் வந்ததுதான் தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குடும்பங்கள். நிறவெறி ஆட்சிக் காலத்தில் "வெள்ளையர்" என்ற பட்டியலில் இருந்த எத்தனையோ பேருக்கு மூலப்பாட்டி பழவேற்காட்டுக்காரி!

இத்தனையும் எப்படித் தெரிந்தது? வழக்குக் கட்டு, நாடுகடத்தல் உத்தரவு, ஞானஸ்நானப் பதிவு, திருமணப் பதிவு. நான்கு விதமான ஆவணம், நான்கிலும் அதே பெயர். அதை ஒன்றோடு ஒன்று கோத்தார்கள். ஆனால் காத்ரைன் என்பது அவள் அம்மா வைத்த பெயர் அல்லவே. பழவேற்காட்டில் அவளை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது எந்த ஆவணத்திலும் இல்லை. அவளைக் கண்டுபிடித்தாயிற்று. அவள் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பெயரை மட்டும் நம்பாதீர்கள்

ஓலையில் "பிச்சை", "குப்பை" என்று பெயர் பார்த்தால் உடனே அடிமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் பக்கத்தில் பிள்ளைகள் தொடர்ந்து இறந்தால், அடுத்த பிள்ளைக்கு வேண்டுமென்றே மட்டமான பெயர் வைப்பார்கள். எமன் சீந்த மாட்டான் என்று நம்பிக்கை. வசதியான வீட்டிலும் பிச்சையா உண்டு. அதேபோல "அடியான்", "தாசன்" எல்லாம் பக்திப் பெயர்கள். அரபியில் "அப்துல்" என்பதற்கும் அடியான் என்றுதான் பொருள், இறைவனின் அடியான். பெயர் எந்த ஆவணத்தில், எந்தப் பத்தியில், யாருடைய பெயருக்குப் பக்கத்தில் வருகிறது என்பதுதான் நிலையைச் சொல்லும்.

அதைவிட நல்ல அடையாளம், தகப்பன் பெயர் இருக்கிறதா என்பது. 1860 நவம்பர் 16ல் சென்னையிலிருந்து போன "டுருரோ" கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நின்றது. 1911 வரை அப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள். துன்பம் அடிமைகளுக்குக் குறைந்ததல்ல. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று பத்தி பத்தியாக இருக்கிறது. அதனால்தான் டர்பனிலிருந்து பேரப்பிள்ளைகள் தாத்தாவின் ஊரைத் தேடி வருகிறார்கள். இருநூறு வருடம் முந்திய அடிமைக்கு அந்த வழி இல்லை. தகப்பன் பெயர் இருந்தால் ஒரு குடும்பம், இல்லையென்றால் ஒரு சரக்கு. ஒரே ஒரு பத்தியில் இருக்கிறது வித்தியாசம்.

திருநெல்வேலிச் சீமைக்குள்ளேயே பார்த்தால், ஏழை எளிய மக்களின் பெயர் தனித்தனியாக எழுதப்பட்ட பழைய பதிவுகளில் தேவாலயப் புத்தகங்களுக்கு முக்கிய இடம் உண்டு. 1780ல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள், பல சாதியினர். அடுத்த நூற்றாண்டில் மிஷன்கள் பரவியபோது, பட்டா இல்லாத, அடங்கலில் இடம் இல்லாத மக்களின் பிறப்பு, திருமணம், இறப்பு அந்தப் புத்தகங்களில் ஏறியது. ஆனால் அங்கேயும் பலருக்குப் பழைய பெயர் போய்ப் புதுப் பெயர் வந்தது. பழைய பெயரையும் பாதிரியார் குறித்து வைத்திருந்தால் அது தேடுகிறவர்களின் அதிர்ஷ்டம்.

பாட்டில் நின்றவர்கள்

காகிதம் விட்டதைப் பாட்டு பிடித்து வைத்ததும் உண்டு. பாபநாசம் மலையில் சொரிமுத்தய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கும்பிடாமல் வருவதில்லை. பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன் கட்டிக்கொண்ட சக்கிலியர் வீட்டுப் பெண்கள். பட்டன் மாடு காக்கப் போய்ச் செத்தான், அவர்கள் தீயில் இறங்கினார்கள் என்கிறது வில்லுப்பாட்டு. நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். அவர்கள் அடிமைகளா என்பதல்ல இங்கே விஷயம். அந்தச் சாதியில் பிறந்த இரண்டு பெண்களின் பெயரை எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதியிருக்க மாட்டார். ஆனால் வில்லடிக்கிற ஒவ்வொரு கொடையிலும் அந்தப் பெயர்கள் உரக்கச் சொல்லப்படுகின்றன.

இதெல்லாம் இப்போது எதற்கு?

"பழசைக் கிளறுவானேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. பதில் எளிது. 1976ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஒரு செங்கல் சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ கொத்தடிமைகளை மீட்டால் அதிகாரிகள் அவர்களுக்கு விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதில் ஆளின் பெயர் இருக்கும். மறுவாழ்வு உதவி, முதலாளி மேல் வழக்கு எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம்தான் பிடி. 1843ல் கொடுக்காமல் விட்ட காகிதம் அதுதான்! பெயர் இல்லாத விடுதலைக்கு என்ன மதிப்பு என்று நம் வயல்கள் காட்டிவிட்டன. சட்டம் வந்த பிறகும் அதே பண்ணை, அதே படியாள், அதே கடன்.

பெயருக்காக ஒரு சமூகமே போராடியதும் நம் கண்முன் நடந்தது. பள்ளர் உள்ளிட்ட ஏழு பிரிவுகளை தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரில் அழைக்க 2021ல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிக்கைகளில் அடிமைச் சாதி என்று யாரோ எழுதி வைத்ததை, எங்கள் பெயரை நாங்கள் சொல்கிறோம் என்று திருப்பி எழுதிய வேலை அது. அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கேப்டவுனில் கம்பெனியின் அடிமைகளை அடைத்து வைத்த கட்டடம் இப்போது அருங்காட்சியகம். உள்ளே ஒரு தூண். அங்கே வாழ்ந்த அடிமைகளின் பெயர்கள் அதில் வட்ட வட்டமாக எழுதப்பட்டிருக்கின்றன. முதலாளிகள் வைத்த பெயர்கள்தான். இருந்தாலும் வருகிறவர்கள் நின்று வாசிக்கிறார்கள்.

நம் பக்கத்தில் அப்படி ஒரு தூண் எழுப்பப் பெயர்கள் வேண்டும். அவை இன்னும் முழுதாக அழியவில்லை. பழைய வீடுகளின் பரணில், துணி சுற்றிய ஓலைக் கட்டுகளில் இருக்கின்றன. படிக்கத் தெரியவில்லை என்று ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவதும், போகியில் எரிப்பதும் நம் வழக்கமாகிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் போன்ற இடங்களில் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

அதில் விற்றவர் பெயர் இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்கும், எழுதிய கணக்குப்பிள்ளை பெயரும் சாட்சிகள் பெயரும் இருக்கும். நடுவில், நிலத்துக்கும் மாட்டுக்கும் பக்கத்தில், இன்னொரு பெயரும் இருக்கலாம். அந்த ஆளைப் பற்றி உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே எழுத்து அதுவாக இருக்கலாம்.